படிக்காத புத்தகத்துக்குத் தீர்ப்பு எழுதுகிறவர்கள்

கேரளத்து வாசிப்பு நாளான வாயன தினத்தன்று நம்முடைய வாயனசாலையில், அதாவது நூலகத்தில், நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. வந்தவர்கள் நேரில் பார்த்தார்கள்; வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் காணொளி வந்து சேர்ந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், தனக்குப் பிடித்த புத்தகம் என்று பதின்வயது உளவாளி ஒருவனைப் பற்றிய சிறுகதைத் தொகுப்பைக் குறித்துப் பேசத் தொடங்கினாள். சிறப்பு விருந்தினர் மைக்கை வாங்கி, "இந்த வயசுல உளவாளி கதை எதுக்கம்மா, பொன்னியின் செல்வன் படிக்கக் கூடாதா?" என்று கேட்டு, கூட்டத்தைச் சிரிக்க வைத்து, பிள்ளையை இருக்கைக்கு அனுப்பிவைத்தார். அவர் வயதில் பெரியவர், தமிழ் கற்றவர், நம் அழைப்பை மதித்துக் கோவைப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்தவர் என்பதால் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் "சரியான சவுக்கடி" என்று நம் ஆட்களே அவரைப் பாராட்டிப் பதிவு எழுதத் தொடங்கிய பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

என் வருத்தம் ஒன்றுதான். அவர் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. படித்து, பிடிக்காமல் போய், இன்ன காரணத்தால் இது பிள்ளைகளுக்கு ஆகாது என்று சொல்லியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன், அல்லது எழுந்து எதிர்வாதம் செய்திருப்பேன். எது நடந்திருந்தாலும் அந்த நாளுக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். புத்தகம் அவருக்குப் போர்த்திய பொன்னாடைக்கு அருகிலேயே மேசைமீது கிடந்தது. புரட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. உளவாளி என்று காதில் விழுந்தவுடன் தீர்ப்பு தயாராகிவிட்டது. அதுவும் எந்த நாளில்? கேரளத்தின் வாசகசாலை இயக்கத்தைக் கட்டியெழுப்பிய பி.என்.பணிக்கர் மறைந்த ஜூன் 19-ஆம் தேதியை இந்த மாநிலம் 1996 முதல் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. ஊர் ஊராக நடந்து "வாயிச்சு வளருக" என்று சொன்ன அந்த மனிதர், இதைப் படித்தால்தான் வளர்ச்சி, அதைப் படித்தால் தளர்ச்சி என்று பட்டியல் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தப் பெண்ணைப் பேச விட்டிருந்தால் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று அவளே சொல்லியிருப்பாள். அது ஆன்டனி ஹோரோவிட்ஸ் எழுதிவரும் அலெக்ஸ் ரைடர் வரிசையில் 2019-இல் வெளிவந்த சிறுகதைத் தொகுப்பு. 2000-ஆம் ஆண்டில் முதல் நாவலில் அறிமுகமாகும்போது அலெக்ஸுக்குப் பதினான்கு வயது. பெற்றோர் இல்லாத அவனை வளர்த்தவர் அப்பாவின் சகோதரர். அவர் கார் விபத்தில் இறந்துவிட்டார், சீட் பெல்ட் போடவில்லை என்று பெரியவர்கள் வந்து சொல்கிறார்கள். பெல்ட் போடாமல் வண்டியை நகர்த்தாத மனிதரைப் பற்றி இப்படிச் சொல்வதைப் பையன் நம்பவில்லை. காரைத் தேடிப் போகிறான். துப்பாக்கிக் குண்டுகள் துளைத்த ஓட்டைகளைப் பார்க்கிறான். இறந்தவர் வங்கி அதிகாரி அல்ல, உளவாளி என்பது பிறகுதான் தெரிகிறது. உடனே அதே பிரிட்டிஷ் உளவுத்துறை அவனையும் வேலைக்கு இழுக்கிறது. முடியாது என்கிறான். முடியாது என்றால் உன்னைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை நாட்டைவிட்டு அனுப்பிவிடுவோம், உன்னை விடுதியில் தள்ளிவிடுவோம் என்று மிரட்டிச் சம்மதிக்க வைக்கிறார்கள். அவன் கையில் துப்பாக்கி கொடுப்பதில்லை. பையன்களிடம் சாதாரணமாக இருக்கும் பொருள்களைத்தான் கொடுக்கிறார்கள்: ஒரு யோயோ, கையடக்க விளையாட்டுக் கருவி, உலோகத்தை அரித்துவிடும் பருக் களிம்பு. சிறுவனை யார் சந்தேகப்படப் போகிறார்கள் என்பதே அந்த அதிகாரிகளின் கணக்கு. சாகசம் இருக்கிறது, துரத்தல் இருக்கிறது, நம்ப முடியாத தப்பித்தல்களும் நிறைய இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, நாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு பிள்ளையைப் பயன்படுத்திக்கொள்ளும் பெரியவர்களைப் பற்றிய கதை. மேடையில் இருந்த பெரியவர்களுக்கு இது பிடிக்காமல் போக நியாயம் உண்டு. படித்திருந்தால்.

பொன்னியின் செல்வனுக்கு வருகிறேன். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய அந்த நாவல் எனக்கும் பிடிக்கும். வந்தியத்தேவன் யார்? ஒருவரும் அறியாமல் ஓலை கொண்டுபோகிறவன். ஆழ்வார்க்கடியான் யார்? வைணவ வாதம் பேசியபடி நாடு சுற்றும், முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் நடக்கும் சதிக்கூட்டத்தை வந்தியத்தேவன் ஒளிந்திருந்து கேட்காவிட்டால் முதல் பாகம் எந்தத் திசையில் நகரும்? உளவாளி கதை வேண்டாம் என்று சொல்லி இந்தப் புத்தகத்தைப் பரிந்துரைத்தவர் அதையாவது படித்தாரா என்ற சந்தேகம் எனக்கு வந்தால் அது என் குற்றமா? பேச்சுக்குப் பேச்சு குறளை எடுத்து வீசியவருக்கு, ஒற்றாடல் என்ற 59-ஆம் அதிகாரம் பொருட்பாலில் இருப்பது நிச்சயம் தெரிந்திருக்கும். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்துத்தான் ஏற்க வேண்டும் என்று வள்ளுவர் அங்கே சொல்கிறார். நம் விருந்தினர் முதல் ஒற்றனைக்கூட அனுப்பாமல் முடிவுக்கு வந்துவிட்டார்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறவர்களுக்காக என் கதையைச் சொல்கிறேன். நான் வளர்ந்தது பாலக்காட்டு எல்லையில் உள்ள வேலந்தாவளத்துக்கு அருகே, தென்னந்தோப்புகளுக்கும் கள்ளுக்கடைகளுக்கும் நடுவே. தமிழ்நாட்டு அரிசி செக்போஸ்ட்டுக்குத் தெரியாமல் இந்தப் பக்கம் வந்து சேர்வது அன்றைக்கு இங்கே பல வீடுகளின் பிழைப்பு. இன்றும் முற்றாக நின்றுவிட்டதென்று சொல்லமாட்டேன். பெண்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தோப்புக்குள் புகுந்து நடப்பார்கள். ஊரே மரியாதையாக அண்ணா என்று அழைத்த ஒருவர், ஏழாம் வகுப்பில் இருந்த என்னைக் கூப்பிட்டு, வாய்க்கால் கரையில் ஆடு மேய்ப்பவன்போல் நின்று, ஜீப் வந்தால் விசிலடிக்கச் சொன்னார். "உன்ற மேல ஆருக்கும் சந்தேகம் வராது கண்ணு" என்றார். அவர் கொடுத்த காசு பொள்ளாச்சி பஸ் நிலையத்துக் கடையில் காமிக்ஸாக மாறியது. 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்ட முத்து காமிக்ஸும், 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து பொள்ளாச்சி வழியாக எங்கள் ஊருக்கு வந்து, கிழிந்து தொங்கும்வரை கைமாறிக்கொண்டிருந்தன. அந்தக் காமிக்ஸைப் பள்ளியில் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். வீட்டில் அடுப்பில் போட்டார்கள். பையன் கெட்டுப்போய்விடுவான் என்று கவலைப்பட்டார்கள். நான் வாய்க்கால் கரையில் நிற்பது ஊர் அறிந்த விஷயம். அதனால் நான் கெட்டுப்போவேன் என்று ஒருவரும் கவலைப்படவில்லை. பிள்ளையைக் காவலுக்கு நிறுத்தலாம், பிள்ளை கையில் உளவாளி கதை மட்டும் இருக்கக் கூடாது. இந்தக் கதைகளில் வரும் பையனை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல.

இனி எதிர்வாதங்கள். வன்முறை என்கிறார்கள். மாலையானால் நம் வீட்டுக் கூடத்தில் மருமகளுக்கு விஷம் வைக்கும் சீரியல்களைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பவர்கள் இதைச் சொல்ல வேண்டாம். பாடம் கெடும் என்கிறார்கள். கைபேசியில் கெடாத பாடம் சிறுகதையிலா கெடப்போகிறது?

வெள்ளைக்காரனுக்கு உளவு பார்ப்பவனைக் கொண்டாடுவதா என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். இதில் விஷயம் இருக்கிறது. பையனை உளவாளியாக்கிய கதைகளில் மிகப் புகழ்பெற்றது நம் மண்ணில் நடப்பதுதான். 1901-இல் வெளிவந்த கிப்ளிங்கின் கிம், லாகூர்த் தெருவில் வளர்ந்த அநாதைச் சிறுவனை ரஷ்யர்களுக்கு எதிரான பிரிட்டிஷ் உளவு வேலையில் சேர்த்து, அதை விளையாட்டு என்றே அழைத்தது. தட்டில் வைத்த பொருள்களைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, மூடியபின் நினைவிலிருந்து ஒப்பிக்கும் பயிற்சி அதில் வரும்; அதைப் பேடன் பவல் சாரணர் இயக்கத்துக்கு எடுத்துக்கொண்டார். நம்மில் பலர் பள்ளி முகாமில் துணி மூடிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து, யாருக்காக உருவான பயிற்சி என்று தெரியாமலே அதை ஆடியிருக்கிறோம். ஆகவே நண்பரின் கேள்வி பொருளுள்ள கேள்வி. ஆனால் அதை அவர் கேட்க முடிந்தது, அந்தக் கதைகளைச் சிறுவயதில் படித்திருந்ததால்தானே? எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மட்டும் அந்த வழியை ஏன் அடைக்க வேண்டும்?

நம்முடைய கதையைக் கொடு என்றால், நம்மிடம் ஆள் இல்லையா? ரங்கூனில் பிறந்த தமிழ்ப்பெண் சரஸ்வதி ராஜாமணி, பதின்வயதில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்து உளவுப் பிரிவில் சேர்ந்தார். ஆண்பிள்ளை வேடத்தில் ஆங்கிலேயர் முகாமில் எடுபிடி வேலை பார்த்தபடி செய்தி சேகரித்ததையும், பிடிபட்ட தோழியை மீட்டுத் தப்பும்போது காலில் குண்டடி பட்டதையும் அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். 2018-இல் சென்னையில் காலமானார். அவருடைய வாழ்க்கையை வைத்து பதின்மூன்று வயதுப் பிள்ளை ஆசையாக எடுக்கும்படியான ஒரு தமிழ்ச் சிறுகதைப் புத்தகம் நம் வாயனசாலை அலமாரியில் இருக்கிறதா? தமிழுக்கென்று நாம் ஒதுக்கிய ஒற்றை அலமாரியில், நிறம்போன அம்புலிமாமாக்களுக்கு அடுத்த தட்டில் நேராகத் தொடங்குவது உரைநூல்களும் ஐந்து பாகச் சரித்திர நாவல்களும்தான். நடுவில் இருக்கும் வயதுக்கு ஒன்றும் இல்லை. மலையாளப் பிள்ளைகளின் தட்டு நிரம்பி வழிகிறது, அதில் எனக்குப் பொறாமையும் உண்டு.

சிறுகதை என்பதால்தான் அந்தப் பெண் அதை எடுத்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் ஒரு கதை, திரும்பி வரும்போது ஒரு கதை. நாவலில் உலகத்தையே காப்பாற்ற வேண்டிய பையனுக்குச் சிறுகதையில் ஒரு சிக்கல்தான், ஒரு வழிதான். அதை அவள் எனக்குச் சொல்லிக் காட்டிய விதத்தைப் பார்த்துத்தான் மேடையில் பேசச் சொன்னேன். ஆம், அவள் என் அக்கா மகள். சொந்தக்காரப் பிள்ளை என்பதால் குதிக்கிறான் என்று எழுதியிருப்பவர்கள் பெரிய துப்பறிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஊருக்கே தெரிந்த உறவு அது. சொந்தம் என்பதற்காக நான் வாயை மூட வேண்டுமா?

சொல்ல வந்தது வேறு. அந்தப் பிள்ளை வில்லேஜ் ஆபீஸில் தன் பாட்டிக்காக மலையாளத்தில் பேசி, மலையாளத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறவள். பள்ளியில் மூன்று மொழிகளோடு மல்லுக்கட்டுகிறவள். ஆங்கிலத்தில் இருக்கும் ஒரு புத்தகத்தைப் படித்து, குறிப்புத்தாள் இல்லாமல், நல்ல தமிழில் சபைக்கு எடுத்துச் சொல்லத் தொடங்கினாள். எல்லைத் தமிழர்களே தமிழைக் காப்பாற்றுங்கள் என்று ஆண்டுதோறும் மாலை வாங்கிக்கொண்டு நமக்கு அறிவுரை சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் கார் ஏறிப் போகிறவர்களின் கண்ணெதிரே, அவர்கள் கேட்ட காரியம் நடந்துகொண்டிருந்தது. அதைத்தான் மைக்கைப் பிடுங்கி நிறுத்தினார்கள். அந்தப் பக்கத்தார்க்கு நாம் தமிழ் மறந்தவர்கள், தமிழரை இளக்காரமாக அழைக்கும் இந்தப் பக்கத்தார்க்குப் பாண்டிகள். இரண்டு பக்கமும் நமக்குப் பாடம் நடத்தும் உரிமை எடுத்துக்கொள்கிறது. நாமும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறோம். விருந்தினர் சிரித்ததைக்கூட என்னால் மறந்துவிட முடியும். அந்தக் காணொளியில் கேட்கும் நம்முடைய சிரிப்பை எப்படி மறப்பது என்று தெரியவில்லை.

பெரியவரை இப்படிப் பொதுவெளியில் விமர்சிப்பது பண்பாடா என்றும் கேட்கிறார்கள். அவர் பெயரை நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். பதின்மூன்று வயதுப் பெண்ணைப் பொதுவெளியில் உட்கார வைத்தது எந்தப் பண்பாடு என்பதை மட்டும் அவர்கள் சொல்லட்டும்.

வாயனசாலைச் செயலாளரிடம் பேசிவிட்டேன். அடுத்த மாதக் கூட்டத்தில் அவள் தன் பேச்சை முதலிலிருந்து முடிவுவரை பேசுவாள், ஒப்புக்கொண்டிருக்கிறார். அதுவரை புத்தகம் நூலகத்திலேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். இந்தப் பதிவின் கீழே என்னைத் திட்ட வருகிறவர்களும் தாராளமாகத் திட்டலாம். அந்தத் தொகுப்பில் ஏதாவது ஒரு கதையில் என்ன நடக்கிறது என்பதை இரண்டு வரியில் எழுதிவிட்டு, பிறகு திட்டத் தொடங்குங்கள்.