ஒமேகா போத்தலை வைத்துவிட்டுப் போலிக்கமிலத்தைப் பற்றிக் கதைப்போமா?

யாழ்ப்பாண ரவுணில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். கர்ப்பிணிப் பெண்ணோடு வரும் மாமியார், தாய், சில வேளை வீடியோ கோலில் இருக்கும் புருஷன், எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "தம்பி, பிள்ளையின்ர மூளை வளர்ச்சிக்கு எது நல்லது?" கேட்கும்போதே கண் றாக்கையில் இருக்கும் பால்மாப் பேணிக்கும் ஒமேகா-3 மீனெண்ணெய்ப் போத்தலுக்கும் போய்விடும். விலையைச் சொன்னால் முகம் சுருங்கும், ஆனாலும் வாங்குவார்கள். அந்தச் செலவின் மேல் எனக்குக் கோபமில்லை. அதே பெண்ணின் கைப்பைக்குள் கிளினிக்கில் இலவசமாகக் கொடுத்த இரும்புச்சத்துக் குளிசை தொடப்படாமல் கிடக்கிறதே, அதுதான் ஆத்திரம்.

முதலில் ஒமேகாவைப் பார்ப்போம். அவுஸ்திரேலியாவில் 2399 கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். முடிவு 2010இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்குத் தினமும் 800 மில்லிகிராம் டிஎச்ஏ (ஒமேகா-3 கொழுப்பில் ஒரு வகை) உள்ள மீனெண்ணெய், மற்றவர்களுக்குத் தாவர எண்ணெய். பிள்ளைகளை ஒன்றரை வயதில் சோதித்தார்கள், பிறகு 7 வயதிலும் சோதித்தார்கள். அறிவுத்திறனில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. குறைமாதப் பிரசவத்தைக் குறைப்பதில் ஒமேகாவுக்குப் பங்கு இருக்கிறது, அது வேறு கதை. அதை வைத்தியர் சொன்னால் எடுங்கள். மூளைக்கென்று வாங்குகிறவர்கள் காலையில் பாசையூர்ப் பக்கம் போய்ச் சூடையோ நெத்தலியோ வாங்கிக் குழம்பு வைக்கலாம். சுறா மட்டும் பிள்ளை பிறக்கும்வரை வேண்டாம், பெரிய மீன்களில் பாதரசம் சேரும். சுறாவைப் பற்றி இப்படிச் சொன்னால் எங்கள் அம்மம்மாமார் அடிக்க வருவார்கள் என்று தெரியும்.

இனிப் போலிக்கமிலம் (folic acid), அதாவது பி வகை விற்றமின் ஒன்று. மாப்பிள்ளை கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ லீவில் வருவார். மண்டபம், கூறை, தாலிக்கொடி எத்தனை பவுண், வீடியோக்காரர் யார் என்று எல்லாம் மாதக்கணக்கில் கதைத்து முடிவாகும். அவர் திரும்பிப் போவதற்குள் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போவதும் நடக்கிறதுதான். ஆனால் பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகிற நரம்புக்குழாய், கரு உண்டாகி 28 நாட்களுக்குள் மூடி முடிந்துவிடும். நாள் தள்ளிப்போய், சோதித்து, வெட்கம் விட்டுச் சொல்லி, கிளினிக்கில் பதிகிறபோது அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். அதனால்தான் கரு தங்குவதற்கு முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள். ஏற்கெனவே நரம்புக்குழாய் சரியாக மூடாத குறைபாட்டோடு பிள்ளை பெற்ற தாய்மாருக்கு அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1991இல் வந்தது: மறுபடி அப்படி நடப்பது 72 வீதம் குறைந்தது. பேணிகளில் எதற்கும் இப்படியொரு கணக்கு இல்லை.

இதைக் காசு கொடுத்து வாங்கவும் தேவையில்லை. புதிதாகக் கலியாணம் முடித்தவர்கள் தங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்தால் தருவார்கள். "கலியாணம் முடிஞ்ச கையோட கிளினிக்குக்குப் போனால் சனம் என்ன கதைக்கும்" என்பதுதான் தடை. சனம் எப்படியும் கதைக்கும்.

இரும்புச்சத்துக் குளிசையை ஏன் விடுகிறார்கள் என்றும் எனக்குத் தெரியும். வயிற்றைப் பிரட்டும், மலச்சிக்கல் வரும், மலம் கறுப்பாகப் போகும். கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்தே நிறுத்தியவர்கள் உண்டு. அது இரும்பின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. ஒழுங்காக எடுப்பவர்களிலும் பாதிப்பேர் பிளேன்ரீயோடு விழுங்குகிறார்கள். தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது. கல்சியத்தையும் அதோடு சேர்த்து எடுக்கக்கூடாது, ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் வைத்துக்கொள்ளுங்கள். தேசிக்காய்த் தண்ணியோடு எடுத்தால் நல்லாகச் சேரும். நேபாளத்தில், கர்ப்பகாலத்தில் இரும்பும் போலிக்கமிலமும் பெற்ற தாய்மாரின் பிள்ளைகளை 7 முதல் 9 வயதில் சோதித்தபோது, அவை கிடைக்காதவர்களின் பிள்ளைகளைவிட ஞாபகத்திலும் கைவிரல் நுட்பத்திலும் முன்னுக்கு நின்றார்கள். கைப்பைக்குள் கிடக்கும் அதே குளிசைதான்.

பல விற்றமின்கள் சேர்ந்த குளிசையைப் பற்றியும் கேட்பீர்கள். இந்தோனேசியாவின் லொம்பொக் தீவில் அதையும் பார்த்தார்கள். வெறும் இரும்பும் போலிக்கமிலமும் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், பிள்ளைகளின் 9 முதல் 12 வயதில் ஒரு வகை ஞாபகத்தில் அரை வருடப் பள்ளிப்படிப்புக்குச் சமமான முன்னேற்றம் தெரிந்தது. சரி, நல்லதுதான். ஆனால் அதே ஆய்வில் குளிசையைவிடப் பிள்ளைகளின் அறிவோடு கூடுதலாகத் தொடர்புபட்டு நின்றவை வீட்டுச் சூழலும் தாயின் மனநிலையும். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. புருஷன் வெளிநாட்டில், விசா எப்போது வரும் என்று தெரியாது, மாமியார் வீட்டில் வாய் திறக்க முடியாது, இரவில் நித்திரையில்லை. மேசையில் மட்டும் விலை கூடின பால்மா. அந்தப் பேணிக் காசில் அவளைக் கொஞ்ச நாள் தாய்வீட்டுக்கு அனுப்பிவைக்கலாம்.

கடைசியாக ஒன்று. முன்பு நரம்புக்குழாய்க் குறைபாட்டோடு பிள்ளை பிறந்தவர்களுக்கும் வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களுக்கும் போலிக்கமிலத்தின் அளவு வேறு. இந்தப் பதிவைப் பார்த்து 400 மைக்ரோகிராம் போதும் என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம், கரு தங்குவதற்கு முன்பே வைத்தியரிடம் கேளுங்கள். வலிப்பு மருந்தையும் உங்கள் எண்ணத்துக்கு நிறுத்தாதீர்கள்.