கறிக்குழம்பில் காய் போட்டால் அது ஏமாற்று வேலையா?

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. இணையத்தில் பார்த்த ஒரு கமெண்ட்தான் காரணம். ஒரு தங்கச்சி ஆசையாக வைத்த ஆட்டுக்கறிக் குழம்பைப் படம் எடுத்துப் போட்டது. முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, நடுவில் நாலைந்து துண்டு கறி. அதன் கீழே போய் "இது கறிக்குழம்பா, காய்க்குழம்பா? கறியைத் தேடணும் போல" என்று ஒருவர் எழுத, அத்தனை பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் பார்த்தால் படத்தையே எடுத்துவிட்டது அந்தப் பிள்ளை.

எழுதியவர் சமையல் வீடியோ போடுகிறவர். அதுதான் தாங்கவில்லை. அடுப்படி தெரிந்த மனுஷன் இப்படிச் சொல்லலாமா?

கறிக்குழம்பில் காய் போடுவது ஒப்பேற்றுகிற வேலை இல்லை. அதற்குக் கைப்பக்குவம் வேண்டும். கறி முக்கால் வேக்காடு வெந்த பிறகுதான் கிழங்கு. முருங்கைக்காய் அதற்கும் பிறகு, கடைசியில். முன்னாடியே போட்டால் சதை கரைந்து நார்தான் மிஞ்சும். கிழங்கின் ஓரம் கரையக் கரையக் குழம்பு தானாகக் கெட்டிப்படும். எலும்பிலிருந்து இறங்குகிற சாறு முழுக்க முருங்கைக்காய்க்குள் போய் உட்கார்ந்திருக்கும். அதைச் சப்பிச் சாப்பிட்டவனுக்குத் தெரியும்.

இஸ்லாமியர் வீட்டு விருந்தில் தால்சா சாப்பிட்டதில்லையா? எலும்பு, கடலைப்பருப்பு, கத்திரிக்காய், மாங்காய். அந்தக் கத்திரிக்காய்க்காகவே இன்னொரு கரண்டி கேட்பேன். கருவாட்டுக் குழம்பில் கத்திரிக்காய் இல்லையென்றால் எங்கள் பக்கம் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இறாலோடு சுரைக்காய் போட்டால் அதன் ருசியே வேறு. கொல்கத்தாக்காரர்கள் ஆட்டுக்கறிக் குழம்பில் கிழங்கை இரண்டாக வெட்டிப் பெரிசு பெரிசாகப் போடுகிறார்கள், பிரியாணியிலும் போடுகிறார்கள். அவர்களுக்கு அது பெருமை. நமக்கு மட்டும் ஏன் கூச்சம்?

அந்தக் கூச்சத்தை நான் அனுபவித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒன்பது பேர். தீபாவளிக்கு ஊரில் கிடா வெட்டிக் கூறு போடுவார்கள், அன்றைக்குத் தாராளம். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோதான். நெஞ்செலும்பும் கொஞ்சம் கொழுப்பும் சேர்த்துக் கேட்டு வாங்கி வருவார் அப்பா. சொல்லாமல் கொள்ளாமல் சொந்தக்காரர் வந்து நின்றால் அம்மா முகம் மாறாது. தொரட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் நாலு முருங்கைக்காய் பறித்து வந்து, கொதிக்கிற குழம்பில் போட்டுவிடும். யாரையும் பசியோடு அனுப்பியதில்லை.

ஏழாம் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பையன் "எங்க வீட்ல தனிக்கறிதான்டா" என்றான். நானும் அப்படித்தான் என்று பொய் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட வந்தான். முதல் நாளே அம்மாவிடம், "நாளைக்குக் காய் எதுவும் போடாதம்மா" என்று கெஞ்சினேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. போடவும் இல்லை. எல்லார் தட்டிலும் இரண்டு இரண்டு துண்டு, தண்ணியாகக் குழம்பு. அப்பத்தாவுக்குப் பல் கிடையாது. கறிச்சாறு இறங்கிய கிழங்கை மசித்துச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவதுதான் அதற்குக் கறிச்சோறு. அன்றைக்குத் தட்டைப் பார்த்துவிட்டு, "கிழங்கு போடலையாத்தா?" என்று மெதுவாகக் கேட்டது. அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அதனால்தான் அந்தப் பிள்ளை படத்தை எடுத்துவிட்டது எனக்கு இப்படி வலிக்கிறது.

வருவீர்கள், தெரியும். "சுக்காவும் உப்புக்கறியும் தமிழன் சாப்பாடு இல்லையா?" யார் இல்லை என்றது? எனக்கும் உயிர். சுக்கா சுக்காவாக இருக்கட்டும், குழம்பைக் குழம்பாக விடுங்கள். "உருளைக்கிழங்கு வெளிநாட்டுச் சரக்கு, பாரம்பரியத்தில் இல்லை" என்று ஒருவர் பாடம் எடுத்திருந்தார். ஐயா, அந்தக் குழம்பைச் சிவக்க வைத்த மிளகாயும் போர்ச்சுகீசியர் கொண்டுவந்ததுதான். அதையும் எடுத்துவிட்டு மிளகில் மட்டும் வைத்துச் சாப்பிடுங்கள், பிறகு பேசலாம். புரதக் கணக்கு போடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

"ஏழ்மையைப் பெருமையாகப் பேசாதே, வசதி வந்தால் நிறையக் கறி போட வேண்டியதுதானே" என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் கேட்டார். அவர் நல்லவர், நியாயமாகத்தான் கேட்கிறார். அரைக்கிலோவை ஒன்பது பேர் பங்கிட்டது சுகமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைக்கு என்னால் இரண்டு கிலோ வாங்க முடியும். வாங்கினாலும் காய் போடுவேன். ஆனால் கறி விலை விற்கிற விலையில் இன்றைக்கும் அரைக்கிலோ வாங்குகிற வீடுகள் எத்தனை இருக்கின்றன! அந்த வீட்டு அம்மாக்களில் சிலர் போனில் அந்தக் கமெண்ட்டைப் படித்திருப்பார்கள். ஒருத்தியாவது அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிழங்கை உரிக்க யோசித்தால்? அதைக் கேட்டால் "சும்மா ஜாலிக்கு" என்கிறார்கள். பெற்றவள் வைத்த குழம்பைத் தட்டோடு தள்ளிவிட்டுச் சிரிப்பது ஜாலியா? அந்தக் கமெண்ட் எனக்கு அப்படித் தள்ளிவிடுவது போலத்தான் தெரிகிறது. மிகைப்படுத்துகிறேன் என்றால் சொல்லிக்கொள்ளுங்கள்.

தங்கச்சி, நீ இதைப் படிப்பாய். அந்தப் படத்தைத் திரும்பப் போடும்மா. குழம்பின் நிறத்தைப் பார்த்தாலே தெரிந்தது, மல்லியை வறுத்து அரைத்திருக்கிறாய். எத்தனை கையளவு என்று எழுது. இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அதுதான் வைக்கப் போகிறோம். கிழங்கு வாங்கியாகிவிட்டது.