வீசிங் இருக்கிற வீட்டுக்கு எந்த நாய்?

"முடி கொட்டாது சார், அலர்ஜியே வராது" என்று சொல்லித்தான் ஷிட்ஸூவையும் பூடுலையும் விற்கிறார்கள். இதை நம்பி வேலூரில் எத்தனையோ வீடுகளில் பணத்தைக் கொட்டிக் குட்டி வாங்குகிறார்கள். கொஞ்ச நாளில் பிள்ளைக்கு ராத்திரி இளைப்பு வருகிறது. நாயை மொட்டை மாடியில் கட்டுகிறார்கள். அங்கேயும் வைத்துக்கொள்ள முடியாமல் காரில் ஏற்றிக்கொண்டு போய் எங்கேயாவது இறக்கி விடுகிறார்கள். ரொம்ப நாளாக மனசை அறுக்கிற விஷயம் இது.

அலர்ஜி தருவது முடி இல்லை. நாயின் எச்சில், தோலில் இருந்து உதிரும் பொடிச் செதில், மூத்திரம் இதிலெல்லாம் இருக்கிற சில புரதங்கள்தான் காரணம். நாய் உடம்பை நக்கும்போது எச்சில் முடியில் காய்ந்து, தூளாகிக் காற்றில் கலக்கிறது. எச்சில் ஊறாத நாயும் இல்லை, தோல் உதிராத நாயும் இல்லை. முடி குறைவாகக் கொட்டினால் வீடு பெருக்குவது சுலபம், அவ்வளவுதான்.

இது என் சொந்தக் கருத்து இல்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் உள்ள ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள், நாய் வளர்க்கும் 173 வீடுகளின் தூசியை எடுத்துச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். 'அலர்ஜி தராத இனம்' என்று பெயர் வாங்கிய நாய்கள் இருந்த வீட்டிலும் மற்ற வீடுகளிலும் அலர்ஜி தரும் புரதத்தின் அளவில் வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த வருஷம் நெதர்லாந்தில் வந்த ஆய்வில், இந்த 'பாதுகாப்பான' இனங்களின் முடியில் அது கூடுதலாகவே இருந்தது.

லாப்ரடூடுல் என்கிற கலப்பு நாயின் கதையையும் தெரிந்துகொள்ளணும். பார்வையில்லாத ஒரு பெண்மணிக்கு வழிகாட்டி நாய் வேண்டும், ஆனால் அவர் கணவருக்கு அலர்ஜி. அதற்காக ஆஸ்திரேலியாவில் வாலி கான்ரன் என்பவர் 1989இல் லாப்ரடாரையும் பூடுலையும் சேர்த்தார். பிறந்த மூன்று குட்டிகளின் முடியையும் எச்சிலையும் அனுப்பிச் சோதித்ததில், ஒரே ஒரு குட்டிதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. ஒரே தாய், ஒரே ஈத்து, அதிலேயே இந்த நிலை. அப்படியிருக்க இனத்தின் பெயரைச் சொல்லி யார் உத்தரவாதம் கொடுக்க முடியும்?

அதனால் முதலில் நாயைத் தேடாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். கையில் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்ட் நம்ம ஊரில் கிடைக்காத விஷயம் இல்லை. தும்மலுக்குப் போடும் மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆஸ்துமா மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது. மெத்தை, தலையணையில் வாழும் தூசிப் பூச்சிக்கும் கரப்பான் பூச்சிக்கும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் குற்றவாளி பழைய இலவம்பஞ்சு மெத்தை, பழி நாய் மேலே.

பிறகு, எடுக்கப்போகிற அதே நாயோடு அலர்ஜி உள்ளவர் பல தடவை உட்கார்ந்து பழகட்டும். கொஞ்சட்டும், நக்க விடட்டும், அன்றைக்கு ராத்திரி மூச்சு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இதற்கு வளர்ந்த நாய்தான் நல்லது. குட்டியின் உடம்பு வளர வளர மாறும். மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்த பிள்ளை வீட்டில் இருந்தால், டாக்டர் சரி என்று சொல்லும்வரை எந்த நாயும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

அடுத்து வெயில். சித்திரை, வைகாசியில் நம்ம ஊர் 40 டிகிரியைத் தாண்டும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பக் இன நாயின் சப்பை மூக்கில் அந்த மூச்சே சரியாகப் போய் வராது. பனிக்கட்டி மேல் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியை, இரட்டை ரோமத்தோடு சத்துவாச்சாரி ஃபிளாட்டில் அடைப்பது கொடுமை. நாள் முழுக்க ஏசி போட்டாலும் மூத்திரம் போக ரோட்டில் இறங்கித்தானே ஆகணும்?

நாட்டு இனம்தான் சரி என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ராஜபாளையத்துக்கு 2005இல் தபால்தலையே வந்தது, நமக்குப் பெருமைதான். ஆனால் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் வேட்டைக்கு ஓடிய நாய்கள். குடியாத்தம் பக்கம் தோப்பு வீடு என்றால் அருமை. ரெண்டு ரூம் வீட்டில் கட்டிப்போட்டால் அதுவும் நரகம். வெள்ளை ராஜபாளையத்தில் காது கேளாமல் பிறக்கும் குட்டிகளும் உண்டு. பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து வாங்குங்கள்.

போன கோடையில் பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒரு ஷிட்ஸூ கிடந்தது. முடி சடைசடையாகத் திரண்டு, தோலோடு இழுத்துப் பிடித்திருந்தது. காதைத் திருப்பினால் உள்ளே மிளகு கொட்டின மாதிரி உண்ணி. விரல் இடுக்கிலும் அதேதான். கழுத்தில் நல்ல சிவப்பு பெல்ட். "யாரோ கார்ல வந்து உட்டுட்டுப் போய்ட்டாங்கண்ணா, மூணு நாளா அந்த ரோட்டையே பாத்துக்கினு கீது" என்றார் கடைக்காரர். டாக்டரிடம் கொண்டுபோனோம். உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் குறைந்து போய், பிழைக்கவில்லை. அந்த பெல்ட்டைப் பார்த்துப் பார்த்து வாங்கியவர்களுக்கு நாயின் மேல் பிரியம் இல்லாமல் இருந்திருக்காது. வாங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை.

வீட்டில் நாய் இருந்தே ஆகணும் என்றால், படுக்கையறைக்குள் விடவே கூடாது. தரையைத் தினமும் ஈரத்துணியால் துடையுங்கள். குளிப்பாட்டினால் புரதம் குறையும், ஆனால் சில நாளில் பழையபடி ஏறிவிடும். பிரஷ் போடுகிற வேலையை அலர்ஜி இல்லாத ஆள் வாசலில் செய்யட்டும்.

நம்ம ஊரில் யாருமே பேசாத ஒன்று பெண் குட்டி. அலர்ஜி புரதங்களில் ஒன்று ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் மட்டுமே உண்டாவது. அது மட்டும் ஒத்துக்கொள்ளாத ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெண் நாயோடு பெரிய தொந்தரவு இருக்காது. எந்தப் புரதம் என்று ரத்தப் பரிசோதனையில் பிரித்தே சொல்ல முடியும். இங்கேயோ எல்லோரும் ஆண் குட்டிதான் கேட்கிறார்கள், பெண் குட்டிகளைச் சாக்கில் கட்டிப் பாலாற்றங்கரையில் விடுகிறார்கள்.

இப்போது காகிதப்பட்டறையில் ஒரு நண்பர் வீட்டில், வளர்ந்த பெண் நாய் ரெண்டு வளர்க்க ஆள் தேடி இருக்கின்றன. நாட்டு நாய்கள், குட்டை முடி. வெறிநாய் தடுப்பூசியும் கருத்தடையும் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவற்றோடு இருந்து பார்க்கலாம். அலர்ஜி உள்ளவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.