பில்லியனுக்கு எத்தனை சைபர்?

டிவியில் கீழே ஓடும் எழுத்தில் மில்லியனும் பில்லியனும் இடம் மாறி வருவதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மில்லியன் என்றால் பத்து லட்சம், பில்லியன் என்றால் நூறு கோடி, ஆயிரம் மடங்கு வித்தியாசம் ஐயா! 2014இல் ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை 19 பில்லியன் டாலருக்குப் பேசி முடித்ததை இன்றைக்கும் யாராவது '1,900 கோடி ரூபாய்' என்று எழுதிவைக்கிறார்கள். அது 1,900 கோடி டாலர், அன்றைய மதிப்பில் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். சரி, பிரிட்டனில் முன்பு பில்லியன் என்றால் லட்சம் கோடிதான், 1974இல்தான் அரசாங்கம் மாற்றிக்கொண்டது, ஜெர்மன்காரர்களுக்கு இன்னமும் அப்படித்தான். அங்கிருந்து வரும் செய்தியில் தடுமாறினால் மன்னிக்கலாம். டாலரை ரூபாயாக்கவே மறந்துபோகிறவர்களை என்ன செய்ய?