பெகாசஸ் பீரங்கி வண்டியில் பொருத்தப்பட்டதா?

நம் சிங்கப்பூர் ராணுவத்தின் பெகாசஸ் பீரங்கி ஜீப் மாதிரியான சிறு வண்டியின் மேல் பொருத்தப்பட்டது, வண்டியில் இருந்தபடியே சுடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் பகிர்கிறார்கள். அப்படி இல்லைங்க. பெகாசஸ் இழுத்துச் செல்லப்படும் 155 மில்லிமீட்டர் (குழலின் உள்விட்டம்) பீரங்கி. சுடுவது தரையிலிருந்துதான்.

குழப்பம் எங்கே வந்திருக்கும் என்று புரிகிறது. அதிலேயே ஒரு சிறு எஞ்சின் உண்டு. அதை வைத்துக் கொஞ்ச தூரம், மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர் வேகத்தில், தானே நகரும். காணொளியில் பார்த்தால் வண்டி என்றே தோன்றும். (சைக்கிளில் முந்திவிடலாம், அது வேறு.) நெடுந்தூரம் என்றால் லாரி இழுக்கும், இல்லாவிட்டால் சினூக் ஹெலிகாப்டர் தூக்கிப் போகும். எடை ஏறத்தாழ 5.4 டன்.

இலகு வண்டியில் ஏற்றிய பீரங்கியே கிடையாதா? உண்டு. அமெரிக்காவில் ஹம்வீ என்ற ராணுவ வண்டியின் மேல் பொருத்திய 'ஹாக்ஐ' இருக்கிறது. ஆனால் அது 105 மில்லிமீட்டர். குழலை முதலில் முன்னால் ஓடவிட்டு, அந்த ஓட்டத்திலேயே சுடுவதால் பின்னுதைப்பு வெகுவாகக் குறைகிறது, இலகு வண்டியும் தாங்குகிறது.

சரிபார்ப்பது சுலபம். தற்காப்பு அமைச்சின் இணையத்தளத்தில் பெகாசஸ் பற்றிய தகவல் இருக்கிறது. அது சுடும் படம் ஒன்றையும் தேடிப் பாருங்கள்: பின்னால் இரண்டு நீண்ட கால்கள் விரிந்து தரையில் ஊன்றியிருக்கும், அடியில் எந்த வண்டியும் இருக்காது.