இன்ஃபீல்ட் ஃப்ளை என்னவென்று தெரியாமல் அந்தப் பையனைத் திட்டாதீர்கள்

சனிக்கிழமை நடந்த நம் பிள்ளைகளின் பேஸ்பால் மேட்சைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோ குரூப் குரூப்பாகச் சுற்றுகிறது. மேலே "ரூல் தெரியாத அம்பயர்" என்று ஒரு வரி, கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். வீடியோவில் இருக்கும் அம்பயருக்குப் பதினைந்து வயது. அன்றைக்கு அந்த மைதானத்தில் ரூலைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தவன் அவன்தான்.

வந்தவர்களுக்கு நடந்தது தெரியும், இருந்தாலும் வரிசையாகச் சொல்கிறேன். நாம் பேட்டிங், ஒரு அவுட். முதல் பேஸிலும் இரண்டாம் பேஸிலும் நம் பிள்ளைகள், அடுத்த பேஸுக்கு ஓடக் காத்திருக்கும் ரன்னர்களாக. அடித்த பந்து உயரமாக மேலே போனது. ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்) நாலு எட்டு பின்னால் போய், மண் முடிந்து புல் தொடங்கும் இடத்தில் நின்று கையுறையைத் தூக்கினான். பந்து கீழே வருவதற்குள் அம்பயர் கையை உயர்த்தி "இன்ஃபீல்ட் ஃப்ளை, பேட்டர் அவுட்" என்று சொல்லிவிட்டான். சத்தத்தைக் கூட்டி வைத்தால் வீடியோவிலேயே கேட்கும். அப்புறம்தான் பந்து கையுறையில் பட்டு நழுவியது. உடனே நம் பக்கத்திலிருந்து "ஓடு, ஓடு" என்று கூச்சல். இரண்டாம் பேஸில் நின்ற பிள்ளை ஓடினான், மூன்றாம் பேஸுக்கு முன்னாலேயே பந்தால் தொட்டு அவுட் ஆக்கிவிட்டார்கள். அது மூன்றாவது அவுட், அத்துடன் இன்னிங்ஸ் முடிந்தது. ஓடச் சொன்னது நாம். திட்டு வாங்கியது அம்பயர்.

அந்த விதி எதற்காக இருக்கிறது என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. பந்து மேலே இருக்கும்போது ரன்னர்கள் பேஸை விட்டு அதிக தூரம் போக முடியாது. பிடித்துவிட்டால் திரும்பி வர வேண்டுமே. பந்து கீழே விழுந்துவிட்டாலோ, பேட்டர் முதல் பேஸுக்கு வருவதால் அவர்கள் அடுத்த பேஸுக்கு ஓடியே ஆக வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு, கைக்கு வரும் கேட்சை வேண்டுமென்றே கீழே விட்டு, நின்றவர்களை ஓட வைத்து இரண்டு பேரை அவுட் ஆக்குவது அந்தக் காலத்துத் தந்திரம். அதை அடைக்க 1890களிலேயே இந்த விதி வந்துவிட்டது. இரண்டு அவுட் ஆகியிருக்கக் கூடாது; முதல் இரண்டு பேஸிலோ மூன்றிலுமோ ஆள் இருக்க வேண்டும்; இன்ஃபீல்டர் (பேஸ்களை ஒட்டி உள்ளே நிற்கும் ஃபீல்டர்) சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடிய பந்தாக இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் பேட்டர் அப்போதே அவுட், பிடித்தாலும் விட்டாலும். ரன்னர்கள் ஓட வேண்டிய கட்டாயமே இல்லை. ஓடினால் அது அவர்கள் பொறுப்பு. அதாவது, அந்தப் பையன் கையைத் தூக்கியது நம் பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காக.

"புல்லில் விழுந்த பந்து எப்படி இன்ஃபீல்ட் ஆகும்?" இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். புல்லும் கோடும் எல்லை இல்லை, இன்ஃபீல்டரால் பிடிக்க முடியுமா என்பதைத்தான் அம்பயர் பார்க்க வேண்டும் என்று அந்த விதிக்குக் கீழேயே எழுதியிருக்கிறது. முடிவை உடனே சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. அவன் உடனே சொன்னான். வேறென்ன செய்திருக்க வேண்டும்?

"அண்ணா, உங்க பையன் ஆடியிருந்தா இப்படிப் பேச மாட்டீங்க" என்று ஒரு தம்பி கமெண்ட் போட்டிருக்கிறார். தம்பி, அவுட் ஆன பேட்டர் என் பையன்தான். அம்பயர் குரல் கேட்டதும் பாதி வழியில் நின்று, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு டக்அவுட்டுக்கு நடந்தான். அதுவும் உங்கள் வீடியோவில் இருக்கிறது.

"பந்து எளிதாகப் பிடிக்கக்கூடியதா என்பதை ஒரு சின்னப் பையன் முடிவு செய்வதா" என்பது அடுத்த கேள்வி. யாராவது ஒருவர் முடிவு செய்துதான் ஆக வேண்டும். மேஜர் லீக் (அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை பேஸ்பால்) ரூல் புக்கிலும் அது அம்பயரின் கணிப்புதான். இந்த அட்லாண்டாவிலேயே, டர்னர் ஃபீல்டில், 2012 அக்டோபர் 5ஆம் தேதி பிரேவ்ஸ் டீமுக்கும் கார்டினல்ஸ் டீமுக்கும் வைல்ட் கார்ட் ஆட்டம், அதாவது தோற்றவர் வெளியேறும் ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸ், பிரேவ்ஸ் 6-3 பின்தங்கி இருந்தார்கள். பிரேவ்ஸின் சிமன்ஸ் அடித்த பந்துக்காக கார்டினல்ஸ் ஷார்ட்ஸ்டாப் கோஸ்மா லெஃப்ட் ஃபீல்டுக்குள் வெகுதூரம் ஓடினார், கடைசி நொடியில் விலகினார், பந்து விழுந்தது. அம்பயர் சாம் ஹோல்புரூக் இன்ஃபீல்ட் ஃப்ளை கொடுத்திருந்தார். ஜனங்கள் பாட்டில்களை எறிந்தார்கள், ஆட்டம் 19 நிமிடம் நின்றது. பிரேவ்ஸ் முறையாகப் புகார் கொடுத்தார்கள். அது அம்பயரின் கணிப்பு என்று சொல்லி மேஜர் லீக் அதிகாரி ஜோ டோரி தள்ளுபடி செய்துவிட்டார். ஹோல்புரூக் தாமதமாகச் சொன்னார் என்பார்கள். சரி, தாமதம்தான். நம் அம்பயர் பையன் தாமதமாகச் சொல்லவில்லையே.

விதி தெரியாமல் இருப்பது ஒன்று, கணிப்பில் தவறுவது வேறொன்று. இந்த வித்தியாசத்தை எத்தனை முறை சொன்னாலும் நம் குரூப்பில் ஏறவில்லை. 2010 ஜூன் 2, டெட்ராய்ட். பந்து வீசிய பிட்ச்சர் கலராகா 26 பேரை வரிசையாக அவுட் ஆக்கிவிட்டார். இன்னும் ஒரே ஒருவர் அவுட் ஆனால் பெர்ஃபெக்ட் கேம், ஒருவரைக்கூட பேஸுக்கு வர விடாத ஆட்டம். முதல் பேஸில் நின்ற அம்பயர் ஜிம் ஜாய்ஸ் சேஃப் (அவுட் இல்லை) என்றார். அது தவறான கால். ரீப்ளே பார்த்ததும் அவரே ஒப்புக்கொண்டு கலராகாவிடம் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் லைன்அப் கார்டை (ஆடுபவர்களின் பட்டியலை) ஜாய்ஸிடம் கொண்டுவந்து கொடுத்தவர் அதே கலராகா. அழுதுகொண்டே வாங்கினார் ஜாய்ஸ். இழந்தவருக்கு இருந்த மனசு வெளியே இருந்து கத்தியவர்களில் பல பேருக்கு இல்லை.

அதே ஜாய்ஸ் 2013 வேர்ல்ட் சீரிஸ் (மேஜர் லீக் இறுதித் தொடர்) மூன்றாவது ஆட்டத்தில் மூன்றாம் பேஸில் நின்றார். தரையில் விழுந்து கிடந்த எதிர் டீம் ஃபீல்டர் மிடில்புரூக்ஸ் மேல் கார்டினல்ஸ் ரன்னர் ஆலன் கிரெய்க் தடுக்கி விழுந்தார். ஜாய்ஸ் அப்ஸ்ட்ரக்‌ஷன் (ரன்னரின் வழியை மறித்த குற்றம்) கொடுத்தார், கார்டினல்ஸ் 5-4 என்று ஜெயித்தார்கள். வேண்டுமென்றே மறித்தாரா என்று பார்க்க அந்த விதியில் இடமே இல்லை. மறித்தாலே போதும். மிகச் சரியான முடிவு. அதற்கும் திட்டு. தவறினாலும் திட்டு, சரியாகச் செய்தாலும் திட்டு என்றால், நமக்கு விதியில் அக்கறை இருக்கிறது என்று எப்படி நம்புவது?

"மெஷின் வந்துவிட்டதே, இனி அம்பயர் எதற்கு?" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். மேஜர் லீகில் 2026 சீசனில் வந்திருக்கும் ஏபிஎஸ் என்ற மெஷின், வீசிய பந்து ஸ்ட்ரைக்கா (ஒரு கற்பனைப் பெட்டிக்குள் வந்ததா) பாலா (வெளியே போனதா) என்பதை மட்டும்தான் பார்க்கும். ஒரு டீமுக்கு இரண்டு சேலஞ்ச், பேட்டரோ பிட்ச்சரோ கேட்ச்சரோதான் கேட்கலாம். அந்தப் பெட்டியின் மேல்கோடு பேட்டரின் உயரத்தில் 53.5 சதவீதம், கீழ்க்கோடு 27 சதவீதம் என்று மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். சாதாரண முயற்சி எது என்று சொல்ல எந்த மெஷினும் இல்லை. நாம் பார்த்து வளர்ந்த கிரிக்கெட்டில்கூட டிஆர்எஸ் வந்த பிறகும் 'அம்பயர்ஸ் கால்' இருக்கிறதே.

கிரிக்கெட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். என் பையன் சின்ன டிவிஷனில் ஆடியபோது, ஆள் இல்லை என்று முதல் பேஸில் அம்பயராக நின்றேன். ரன்னரின் கால் பேஸில் படுவதும் பந்து கையுறையில் விழுவதும் ஒரே நொடியில் நடக்கும். காலைக் கண்ணால் பார்த்து, பந்தைக் காதால் கேட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன ஒரு முடிவுக்கு எதிர் டீமின் அப்பா ஒருவர், "உனக்கு இந்த ஆட்டமெல்லாம் புரியாது, போய் கிரிக்கெட் பார்" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். அன்றைக்கு எனக்காக உருகிய அதே நண்பர்கள்தான் இன்று இந்த வீடியோவுக்குச் சிரிக்கிறார்கள். உங்களில் யாராவது அந்தப் பையனிடம் போய் "நல்லா பண்ணே தம்பி" என்று சொன்னீர்களா? நான் போவதற்குள் அவனுடைய அம்மா காரில் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"காசு வாங்குகிறான், கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்" என்பவருக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

நியூ ஜெர்சியில் டெப்ட்ஃபர்ட் என்ற ஊரில், பெற்றோர்களின் வசை தாங்காமல் தன்னார்வ அம்பயர்கள் விலகியதால், 2023இல் அங்குள்ள லிட்டில் லீக் (பிள்ளைகள் பேஸ்பால் அமைப்பு) ஒரு விதி கொண்டுவந்தது. அம்பயரைத் திட்டுகிறவர் தானே மூன்று ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்க வேண்டும். அதுவரை ஆட்டம் பார்க்க மைதானத்துக்குள் வரக்கூடாது. நம் லீகிலும் அதைக் கொண்டுவரச் சொல்லி நேற்றிரவு நிர்வாகத்துக்கு மெயில் அனுப்பிவிட்டேன். கூடாது என்பவர்கள் காரணத்தைக் கீழே எழுதுங்கள். அதற்கு முன் இன்ஃபீல்ட் ஃப்ளை விதியை ஒருமுறை படித்துவிடுங்கள், ஒரு பக்கம்கூட வராது.