விசா போகும் இடமெல்லாம் சிம் போகாது

மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுவிட்சர்லாந்தின் சூரிச் ரயில் நிலையத்தில் நெட் இல்லாமல் உட்கார்ந்திருந்த நம் ஊர்ப் பெரியவரையும் அம்மாவையும் காட்டும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு எழுதித் தீர்த்துவிட்டீர்கள். "டேட்டா ரோமிங் ஆன் பண்ணத் தெரியாதவங்க எதுக்கு வெளிநாடு போகணும்?" இந்த ஒரு வரிக்கு எத்தனை சிரிப்புக் குறிகள்! அந்த அம்மா கையில் வைத்திருந்த காகிதத்தை வட்டம் போட்டுக் காட்டியும் சிரித்திருக்கிறீர்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

அவர்கள் ரோமிங்கை, அதாவது சிம் வேறு நாட்டு நெட்வொர்க்கில் ஓடும் வசதியை, ஆன் செய்துதான் வைத்திருந்தார்கள். வீடியோவை முழுதாகப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாரிஸில் வாங்கிய சிம். அட்டையில் பெரிய எழுத்தில் 'ஐரோப்பா' என்று போட்டிருந்தது. பாரிஸில் நான்கு நாள் நன்றாக வேலை செய்தது. ரயில் சுவிஸ் எல்லையைத் தாண்டியதும் நின்றுபோனது. நிற்கத்தான் செய்யும். அந்த 'ஐரோப்பா'வுக்குள் சுவிட்சர்லாந்து கிடையாது.

சிம் அட்டையில் இருக்கும் 'ஐரோப்பா' பள்ளிக்கூட வரைபடத்து ஐரோப்பா இல்லை. அது ஒரு சட்டத்தின் பட்டியல். 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் எந்த நாட்டுச் சிம்மை அதன் எந்த நாட்டில் பயன்படுத்தினாலும் உள்ளூர்க் கட்டணம்தான் என்று விதி வந்தது. 2022 ஜூலையில் அதைப் புதுப்பித்து 2032 வரை நீட்டித்தார்கள். இதற்குள் வருபவை ஒன்றியத்தின் 27 நாடுகள், அவற்றோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன். 2026 ஜனவரி 1 முதல் உக்ரைனும் மால்டோவாவும் சேர்ந்துகொண்டன. சுவிட்சர்லாந்து இல்லை. பிரிட்டன் இல்லை. செர்பியா, போஸ்னியா, மாண்டினீக்ரோ, அல்பேனியா இல்லை. துருக்கி இல்லை.

நம் ஆட்கள் ஏமாறும் இடம் இதுதான். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு ஒரே விசாவான ஷெங்கன் விசாவில் சுவிட்சர்லாந்து இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒட்டிய ஒரே விசாவோடு பாரிஸிலிருந்து சூரிச்சுக்கு ரயிலேறிப் போகலாம். விசா போகும் இடமெல்லாம் சிம்மும் போகும் என்று நினைப்பது அறியாமையா? யாருக்கும் இயல்பாகத் தோன்றுவதுதானே? ஆனால் இரண்டும் வேறு வேறு வரைபடங்கள். அயர்லாந்து ஷெங்கனில் இல்லை, ரோமிங் பட்டியலில் இருக்கிறது. சைப்ரஸும் அப்படியே. சுவிட்சர்லாந்து ஷெங்கனில் இருக்கிறது, ரோமிங் பட்டியலில் இல்லை. அதன் மடியில் உட்கார்ந்திருக்கும் குட்டி நாடான லீக்டன்ஸ்டைன் இரண்டிலும் இருக்கிறது. இதை விசா கொடுத்த தூதரகம் சொல்லாது, டிக்கெட் போட்ட ஏஜென்சி சொல்லாது, சிம் விற்ற கடைக்காரர் கேட்டால்தான் சொல்வார். பிறகு அந்த அம்மாவுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சிம் வாங்கும்போது விலையை அப்புறம் பாருங்கள், எத்தனை ஜிபி என்பதையும் அப்புறம் பாருங்கள். முதலில் நாடுகளின் பட்டியலைப் பாருங்கள். உங்கள் பயணத்தில் உள்ள ஒவ்வொரு நாட்டின் பெயரையும் அதில் விரல் வைத்துத் தேடுங்கள். நம் ஊர்ச் சுற்றுலாவில் டிட்லிஸோ யுங்ஃப்ராவோ ஏதாவது ஒரு சுவிஸ் பனிமலை இல்லாத ஐரோப்பா டூர் உண்டா? அப்படியென்றால் முதலில் தேட வேண்டிய பெயர் சுவிட்சர்லாந்து.

சில நிறுவனங்கள் தாங்களாகவே சுவிட்சர்லாந்தையும் பிரிட்டனையும் சேர்த்துத் தருகின்றன. சுற்றுலாப் பயணிகளுக்கென்றே வரும் சிம்களில் இதைப் பார்க்கலாம். ஆனால் சட்டப்படி கட்டாயமில்லை. ஒரே நிறுவனத்தின் ஒரு பிளானில் இருக்கும், அடுத்த பிளானில் இருக்காது. "அந்தக் கம்பெனி நல்ல கம்பெனி" என்று யாராவது சொல்வதை வைத்து வாங்க முடியாது. வாங்கப்போகும் பிளானின் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. லைக்கா, லெபாரா இரண்டும் தமிழர்கள் தொடங்கிய சிம் நிறுவனங்கள். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இறங்கினால் கடைக்குக் கடை தொங்கும், தமிழிலேயே கேட்டு வாங்கலாம். ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் சிம் ஒன்றாகிவிடாது. லண்டனில் வாங்கிய சிம்முக்கு பிரிட்டன் விதி, பாரிஸில் வாங்கியதற்கு பிரெஞ்சு விதி. லண்டனில் இருக்கும் மாமா "என்கிட்ட ஒரு சிம் சும்மா கிடக்கு, கொண்டு போ" என்று அன்போடு கொடுப்பார். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு அங்குள்ள நிறுவனங்களுக்கு ஐரோப்பிய விதி பொருந்தாது. சிலர் நாளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார்கள், சிலர் ஒரு வரம்புவரை இலவசமாக விடுகிறார்கள். மாமாவிடம் எந்த பிளான் என்று கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்போது வழக்கமாக வரும் பதில்களுக்கு வருகிறேன்.

"இந்திய நம்பருக்கே ரோமிங் பேக் போட்டா வேலை முடிஞ்சது." சரி, ஒத்துக்கொள்கிறேன். ஐந்தாறு நாள் பயணம், ஒரே ஆள் என்றால் அதுவே நிம்மதி. ஆனால் அங்கேயும் நாடுகளின் பட்டியல் உண்டு, பாருங்கள். இரண்டு மூன்று வாரம், குடும்பத்தோடு என்றால் செலவு கூடிவிடும்.

"எல்லா இடத்துலயும் வைஃபை இருக்கே!" இதை எழுதுபவர்கள் வெளியூரில் இரவு எட்டு மணிக்குப் பெட்டியோடு தெருவில் நின்றதில்லை. ஹோட்டலில் வைஃபை இருக்கிறது. ஹோட்டலுக்குப் போகத்தான் நெட் வேண்டும். பல இடங்களில் இலவச வைஃபைக்குள் நுழையவே போனுக்கு எஸ்எம்எஸ்ஸில் ஒரு குறியீடு வர வேண்டும். சிம்மே உயிரோடு இல்லாதபோது அது எங்கிருந்து வரும்? இதற்குமேல் இந்த யோசனைக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

"இ-சிம் போட வேண்டியதுதானே?" இது நியாயமான கேள்வி. அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் சிம்தான் இ-சிம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் போனில் *#06# அழுத்துங்கள். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயோடு இஐடி (EID) என்றும் ஒரு நீண்ட எண் வந்தால் உங்கள் போன் இ-சிம் ஏற்கும். வராவிட்டால் பொதுவாக அந்த வழி இல்லை என்றுதான் பொருள், அட்டைச் சிம்தான். வாங்கினால் வீட்டு வைஃபையில் இருக்கும்போதே க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து ஏற்றிவிடுங்கள். விமான நிலையத்தில் இறங்கியபின் ஏற்றலாம் என்று விட்டால் அதை ஏற்றுவதற்கே நெட் தேடி அலைய வேண்டியிருக்கும். ஏற்றிய இ-சிம்மைத் தவறியும் அழித்துவிடாதீர்கள். பெரும்பாலான க்யூஆர் கோடுகள் ஒருமுறைதான் வேலை செய்யும்.

இறங்கியதும் மூன்று வேலை. மொபைல் டேட்டாவுக்கு இ-சிம்மைத் தேர்ந்தெடுங்கள். இ-சிம்முக்கு டேட்டா ரோமிங்கை ஆன் செய்யுங்கள், இந்திய சிம்முக்கு ஆஃப் செய்யுங்கள். ஒரு சிம்மில் சிக்னல் போனால் தானாக இன்னொன்றுக்கு டேட்டாவை மாற்றும் வசதி ஒன்று அமைப்புகளில் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். மலையேறும் ரயிலில் இ-சிம் சிக்னல் போன நேரம் பார்த்து இந்திய சிம் டேட்டாவை இழுத்து, ஊர் திரும்பியதும் பில் வந்து நிற்கும் கதைகள் அங்கேதான் பிறக்கின்றன.

ஆனால் இந்திய சிம்மைக் கழற்றாதீர்கள். வங்கி ஓடிபி அதில்தான் வரும். ஊரில் இருக்கும்போதே நிறுவனத்திடம் பேசி சர்வதேச ரோமிங்கைத் திறந்துவைத்தால்தான் வெளிநாட்டில் எஸ்எம்எஸ் வரும். அங்கே போய் கார்டு தேய்க்கும்போது ஓடிபி வரவில்லை என்று தவிப்பதில் பாதி, இதைச் செய்யாததால்தான். புது சிம் போட்டதும் வாட்ஸ்அப் 'எண்ணை மாற்றவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய எண்ணிலேயே ஓடும்.

இ-சிம்மிலும் குறைகள் உண்டு. பெரும்பாலானவை டேட்டா மட்டும் தருபவை, எண் கிடையாது. சாதாரண எண்ணுக்கு அழைத்து ஹோட்டலில் பேச முடியாது. 'அன்லிமிடெட்' என்று விற்கும் பலவற்றில் நாளொன்றுக்கு ஒரு அளவு தாண்டியதும் வேகம் குறையும், ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு இருக்கும். கணவர் போனில் போட்டு மனைவிக்குப் பகிரலாம் என்று வாங்குபவர்கள் இந்த வரியைத் தேடிப் படியுங்கள். உங்கள் டேட்டா வேறொரு நாட்டு சர்வர் வழியாகச் சுற்றி வருவதும் உண்டு. அப்போது நீங்கள் ரோமில் இருந்தாலும் வங்கிச் செயலி வேறு நாட்டிலிருந்து நுழைவதாக நினைத்துத் தடுக்கலாம். இங்கேயும் நாடுகளின் பட்டியலைப் பார்க்கத்தான் வேண்டும். 'ஐரோப்பா' என்று பெயர் வைத்த இ-சிம்களின் பட்டியல்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

அட்டைச் சிம் என்றால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஜெர்மனியில் 2017 ஜூலை முதல் அடையாளம் சரிபார்க்காமல் ப்ரீபெய்டு சிம்மை இயக்க மாட்டார்கள். இத்தாலி, ஸ்பெயினிலும் பாஸ்போர்ட் கேட்பார்கள். நெதர்லாந்தில் அந்தத் தொல்லை இல்லை. வாங்கிய நாட்டிலேயே இயக்கி, ஒரு அழைப்பும் பேசிப் பார்த்துவிட்டு எல்லை தாண்டுங்கள். பல ப்ரீபெய்டு பேக்குகள் 28 நாள்தான், மாதக் கணக்கு இல்லை. இணையத்தில் டாப்-அப் செய்யும்போது இந்திய கார்டுகளை ஏற்காத தளங்கள் உண்டு. பிரான்ஸில் தபாக், இத்தாலியில் தபாக்கி என்று பலகை தொங்கும் பெட்டிக்கடையில் ரீசார்ஜ் சீட்டு காசுக்குக் கிடைக்கும்.

போனையும் பாருங்கள். ஐரோப்பாவில் கிராமப்புறங்களை எட்டும் சிக்னல் பெரும்பாலும் 800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வருவது, அதாவது பேண்ட் 20. நம் ஊரில் விற்கும் மலிவு போன்கள் சிலவற்றில் அது இல்லை. நகரத்தில் நன்றாக வரும், ஊரைத் தாண்டியதும் கோடுகள் காணாமல் போகும். அப்போது சிம்மைத் திட்டிப் பயனில்லை.

டேட்டா தீர்ந்தால் கொள்ளை போகும் என்று பயந்து ஒன்றியத்துக்குள்ளேயே போனை அணைத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. ஜெர்மனியில் 9.99 யூரோ பேக் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். 19 சதவீத வரி போக 8.39. உள்ளூரில் அன்லிமிடெட் என்று கொடுக்கும் பேக்கில்கூட மற்ற நாடுகளுக்கு வரம்பு வைக்கலாம். ஆனால் அந்த வரம்பு ஒரு கணக்குக்குக் கீழே இறங்கக்கூடாது. ரோமிங்குக்காக நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று கொடுக்கும் மொத்த விற்பனை விலைக்குச் சட்டம் ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 8.39ஐ அதால் வகுத்து இரண்டால் பெருக்க வேண்டும். 2026இல் அந்த உச்சவரம்பு ஜிபிக்கு 1.10 யூரோ. ஏறத்தாழ 15 ஜிபி வருகிறது. தாண்டினாலும் ஜிபிக்கு 1.10 யூரோவும் வரியும்தான் அதிகபட்சம். மேப்பும் வாட்ஸ்அப்பும் பார்த்து இரண்டு வாரம் ஓட்ட அந்த 15 ஜிபி தாராளம். புகைப்படங்கள் தானாக மேலேறும் வசதியை மட்டும் வைஃபைக்கு மாற்றிவிடுங்கள், டேட்டாவைச் சத்தமில்லாமல் குடிப்பது அதுதான்.

பயப்பட வேண்டிய இடம் அந்த ரோமிங் பட்டியலுக்கு வெளியே. அங்கே இந்த உச்சவரம்பு இல்லை, எம்பி கணக்கில் போகும். ப்ரீபெய்டில் இருப்பு தீர்ந்து நின்றுவிடும். அந்தப் பெரியவருக்கு நடந்தது அதுதான். எல்லையும் சொல்லிக்கொண்டு வராது. மிலானிலிருந்து சூரிச் போகும் ரயில் கியாசோவில் நாடு மாறும், தூங்கிக்கொண்டிருப்பீர்கள். ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ், இத்தாலியின் கோமோ போன்ற ஊர்களில் நீங்கள் எல்லை தாண்டவே வேண்டாம், சுவிஸ் கோபுரம் உங்கள் போனைப் பிடித்துக்கொள்ளும். அங்கெல்லாம் தானியங்கி நெட்வொர்க் தேர்வை அணைத்து, கையால் அந்த நாட்டு நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுங்கள். இத்தாலியிலிருந்து கிரீஸுக்குக் கப்பலில் போனால் நடுக்கடலில் போன் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடிக்கும், அது எந்த உள்ளூர்க் கட்டணத்திலும் வராது. ஏறியதும் ஏரோப்ளேன் மோடு.

இவ்வளவு இருக்கிறது. இது அத்தனையும் தெரிந்தவர்தான் ஐரோப்பா போக வேண்டும் என்றால் நம்மில் எத்தனை பேர் போக முடியும்? சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு அயர்லாந்தும் சுவிட்சர்லாந்தும் இடம் மாறி நிற்பது தெரியும்? இப்படிக் கேட்டால் "நீ எதுக்கு இவ்வளவு கோபப்படுற, யாரோ ரெண்டு பேர்" என்பீர்கள். யாரோ இல்லை. வாழ்நாள் முழுக்கச் சேர்த்த காசில் ஒருமுறை பனி பார்க்கப் போனவர்கள். பணம் வாங்கிக்கொண்டு பயணத்திட்டம் போட்டுக் கொடுத்த ஏஜென்சிக்கு, அதில் சுவிட்சர்லாந்து இருப்பது தெரியாதா? "அந்த சிம் அங்கே எடுக்காது" என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அவர்களை யாரும் வட்டம் போட்டுக் காட்டவில்லை. அந்த அம்மாவின் விரல்களைக் காட்டினீர்கள்.

அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று பார்த்தீர்களா? ஹோட்டல் பெயர், தெரு, கதவு எண், டிராம் எண், மகனின் போன் நம்பர். நோட்டுப் புத்தகத் தாளில், தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை. அதை ஒரு சுவிஸ் பெண்மணியிடம் நீட்டித்தான் அவர்கள் டிராம் ஏறினார்கள். பத்தாயிரம் ரூபாய் போனும் ஐரோப்பா சிம்மும் கொண்டுபோய்ச் சேர்க்காத இடத்துக்கு அந்தத் தாள்தான் கொண்டுபோனது. பயணம் கிளம்பும் யார் கேட்டாலும் சொல்கிறேன்: சிம் எதுவாக இருந்தாலும் இப்படி ஒரு தாளை எழுதி, போனோடு சேர்த்து வைக்காமல் சட்டைப்பையில் தனியாக வையுங்கள்.